நெடுநாள் ஆடிய பிறகு ‘திஸ் வார் ஆஃப் மைன்’

போலந்தைச் சேர்ந்த 11 பிட் ஸ்டூடியோஸ் 2014-இல் வெளியிட்ட இந்த விளையாட்டைத் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மடிக்கணினியில் சில ஆண்டுகளாக விட்டு விட்டு ஆடி வருகிறேன். 1990-களில் போஸ்னியப் போரின்போது சரயேவோ நகர மக்கள் முற்றுகைக்குள் பட்ட பாட்டை அடியொற்றி உருவான இதில் நாம் படைவீரர் அல்லர்; சமையல்காரர் புரூனோ, கால்பந்து வீரர் பாவ்லே, செய்தியாளர் காட்யா போல, இடிந்த வீட்டில் ஒண்டியிருக்கும் சாதாரண மக்கள். பகலில் வெளியே தலைகாட்டினால் குறிபார்த்துச் சுடுவார்கள் என்பதால், இரவில் ஒருவர் மட்டும் பொருள் தேடிப் போகிறார். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த எங்கள் பகுதிக்காரர்களுக்கு, மழைநீர் பிடிக்கும் தொட்டிக்கு வடிகட்டி தீர்ந்துபோகும்போது வரும் பதற்றத்தை விளக்க வேண்டியதில்லை.

என்னை மிகவும் உலுக்கிய இடம், முதிய தம்பதியர் வாழும் வீடு. அங்கே உணவும் மருந்தும் இருக்கின்றன. எதிர்ப்பதற்கு ஆள் இல்லை. பெட்டியைத் திறக்கும்போது அந்தப் பெரியவர் பின்னாலேயே வந்து கெஞ்சுகிறார். அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா, “அத்த எடுக்காதடா, பாவம் அவங்க” என்றார். ஆனால் நம் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் விளையாட்டு நம்மைக் கண்டிப்பதுமில்லை, மதிப்பெண் தருவதுமில்லை. திருடிவிட்டுத் திரும்பினால் உடனிருப்பவர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். சிலர் துயரத்தில் மூழ்கி நடை தளர்ந்து, சொன்ன வேலையைச் செய்ய மறுக்கிறார்கள். சிலர் பிழைக்க வேறு வழியில்லை என்று தேற்றிக்கொள்கிறார்கள். ஒரே செயல் ஆளுக்கு ஆள் வேறாகப் படுவதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய வேறு விளையாட்டை நான் ஆடியதில்லை.

நீண்ட நாள் ஆடியதில் ஒரு குறையும் புலப்பட்டது. எந்த வீட்டில் என்ன கிடைக்கும் என்பது பழகிவிட்ட பின், இரக்கமும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. தாய்க்கு மருந்து கேட்டுக் கதவைத் தட்டும் சிறுவர்களுக்குக் கொடுத்தால் நம்மவர்களின் மனச்சோர்வு குறையும் என்று தெரிந்தே கொடுக்கும்போது, முதல் முறை இருந்த தவிப்பு இருப்பதில்லை. பிடிக்காத முடிவு வந்தால் வெளியேறி அதே நாளை மறுபடி தொடங்கவும் முடிகிறது. அப்படிச் செய்தால் இந்த விளையாட்டின் உயிரே போய்விடும். புதிதாக ஆடுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

2020-இல் போலந்து அரசு இதை உயர்நிலை மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அது மிகச் சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆயினும் பதின்ம வயதினர் ஆடும்போது பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது. மனம் உடைந்த பாத்திரங்கள் தற்கொலை செய்துகொள்ளும் கட்டங்களும் இதில் உண்டு.