பிஎஃப்சென்ஸ்: ஒரு விதி, ஒரு ராத்திரி

ஓரமாகக் கிடந்த கணினியில் கூடுதலாக இரண்டு நெட்வொர்க் கார்டு போட்டு பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலை (நெட்வொர்க்கில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் மென்பொருள்) ஏற்றி எட்டு மாதம் ஆகிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் ஓடுவது. சமூகப் பதிப்புக்குக் காசு கிடையாது. வெப் சர்வர் டிஎம்இசட்டில் (வெளியுலகம் தொடக்கூடிய தனிப் பகுதி), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் உள்ளே லேனில் (உள் நெட்வொர்க்). புதிதாகச் சேர்க்கும் இன்டர்ஃபேஸில் (நெட்வொர்க் இணைப்பு முனை) எல்லாமே மூடியிருக்கும், அது எனக்குப் பிடித்தது. வெப் சர்வர் ஐபியிலிருந்து டேட்டாபேஸ் ஐபிக்கு டிசிபி 5432 (போஸ்ட்கிரெஸ் கேட்கும் போர்ட்) மட்டும் திறந்தேன். பதில் திரும்பி வரத் தனி விதி வேண்டாம், திறந்த இணைப்புகளை நினைவில் வைக்கும் ஸ்டேட் டேபிள் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் என் கூத்து. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். முதலில் பொருந்துவதே செல்லும். நானோ "லேனுக்குத் தடை" விதியை அந்த 5432 அனுமதிக்கு மேலே வைத்துவிட்டேன். ராத்திரி பதினொன்றரை வரை போஸ்ட்கிரெஸைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். பிழைச் செய்திகூட வராமல் இணைப்பு அப்படியே தொங்கியது. அதிலேயே ஃபயர்வால்தான் என்று புரிந்திருக்க வேண்டும், மறுப்பு வந்தால்தானே டேட்டாபேஸ் பக்கம் சந்தேகம்! நல்லவேளை, தடை விதியில் லாக் டிக் செய்திருந்தேன். லாக்கில் வரிசையாகச் சிவப்புப் பெருக்கல் குறிகள். ஒன்றைத் தட்டியதும் எந்த விதி தடுத்தது என்று காட்டிவிட்டது. இழுத்துக் கீழே விட்டேன், சேமித்து அப்ளை செய்தேன், பக்கம் திறந்தது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.