பைக்குக்கு ரெடிமேட் வயரிங் கிட் வாங்குகிறீர்களா? முதலில் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள்

பைக்கில் கூடுதல் விளக்கு மாட்ட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் சீட்டைக் கழற்றி ரிலே (சுவிட்சைத் தட்டினால் விளக்குக்குப் பேட்டரி மின்சாரத்தைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி) செருகியிருக்கும் சாக்கெட்டை இன்றே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இரண்டு எல்இடி விளக்கு, ஹேண்டில்பார் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், எல்லாவற்றையும் கோர்த்த வயரிங் என்று ஒரே பெட்டியில் வரும் கிட் ஒன்றை நானும் மாட்டினேன். ஆன்லைனில் வாங்கினேன். விற்பனைப் பக்கத்தில் 'முழுக்கச் செம்பு வயர்' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள், அந்த ஒரு வரிக்காகத்தான் இதைவிட மலிவான கிட்களை விட்டுவிட்டு இதை எடுத்தேன். மாட்டும் வேலை பெரிதில்லை: பேட்டரி பாசிட்டிவ் ஃபியூஸ் வழியாக ரிலேயில் 30 என்று எண் போட்ட முனைக்கு, 87-இலிருந்து விளக்குகளுக்கு, 85, 86 இரண்டில் ஒன்று சுவிட்சுக்கு, மற்றது எர்த்துக்கு. ஹேண்டில் திரும்பும் இடத்தில் தளர்வு விட்டு, ஸ்லீவ் போட்டு, டேங்குக்கு அடியில் கட்டி முடித்தேன். நன்றாகவே எரிந்தது.

கொஞ்ச நாளில் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அப்புறம் ஒரு இரவு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரங்கட்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ரிலே சாக்கெட்டில் 87 இருக்கும் பக்கம் உருகி வழிந்திருக்கிறது, பக்கத்தில் பெட்ரோல் டேங்க். ஃபியூஸ் மட்டும் முழுசாக அப்படியே இருந்தது.

ஃபியூஸ்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் பலரும் இந்த கிட்களை வாங்குகிறார்கள், அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால்தான் ஃபியூஸ் அறுபடும், ஓர் இணைப்பு சூடாவது அதற்குத் தெரியாது. டெர்மினல், அதாவது வயர் நுனியை அழுத்திப் பிடிக்கும் உலோக முனை, பிடிப்பு தளர்ந்து அந்த இடத்தில் ஒரு ஓம் தடை வந்துவிட்டால், 3 ஆம்பியர் ஓடினாலே 9 வாட் சூடு அந்தச் சின்ன உலோகத் துண்டில் இறங்கும், சாக்கெட்டை உருக்க அது போதும். கிட்டில் வந்ததோ 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ். அந்த மெல்லிய வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆகியிருந்தால் ஃபியூஸுக்கு முன்னால் வயர்தான் எரிந்திருக்கும்.

பிடிப்பு ஏன் தளர்ந்தது? வயரை வெட்டி ஒரு இழையை பிளேடால் சுரண்டினேன், உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர். செம்போடு ஒப்பிட்டால் அலுமினியம் சுமார் 60 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். அழுத்திப் பிடித்த டெர்மினலுக்குள் நாளாக ஆக நசுங்கித் தளரும், காற்றுப் பட்டால் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் கட்டும், ஓயாமல் அதிரும் பைக்கில் இழைகள் சீக்கிரம் முறியும். மிச்சமிருந்த இழையை லைட்டர் தீயில் காட்டினேன், சுருண்டு உருகியது. செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும், அது சிவந்து அப்படியே நிற்கும். ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு வயரும் வெளியில் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரியும்.

விளக்கிலும் பொய்தான். ஒன்று 60 வாட் என்று பெட்டியில் அச்சடித்திருக்கிறது, அப்படியானால் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்க வேண்டும். வேறு வயரில் பேட்டரியோடு கொடுத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 3 ஆம்பியரைச் சற்றுத்தான் தாண்டியது. அவர்கள் சொன்ன 10 ஆம்பியர் உண்மையாகவே இந்த வயரில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

விற்றவரிடம் எழுதினேன். முதலில் போட்டோ கேட்டார், பிறகு வீடியோ கேட்டார், இரண்டையும் அனுப்பியதும் 'பொருத்திய மின்பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், நீங்கள் தவறாக மாட்டியிருப்பீர்கள்' என்று பதில் வந்தது. சாக்கெட்டில் வயரை அழுத்திப் பிடித்தது அவர்களுடைய தொழிற்சாலை, அந்த இடத்தை நான் தொடவே இல்லை. சுரண்டிய இழையின் படத்தை அனுப்பிய பிறகு, நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருகிறேன் என்றார். எடுக்கவில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் 'முழுக்கச் செம்பு' போய் 'உயர்தர வயர்' என்று மாறியிருக்கிறது. நான் வாங்கிய அன்றைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது, புகாரோடு அதையும் சேர்த்திருக்கிறேன். நீங்களும் பணம் கட்டும் முன் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் வயரை வெட்டாமலே சோதிக்கலாம். விளக்கு எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை விளக்குக்குப் போகும் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எனக்கு 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

நான் செம்பு வயரை மீட்டர் கணக்கில் வாங்கி, 5 ஆம்பியர் ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்களிடம் இந்த மாதிரி கிட் இருந்தால் சோதித்து முடிக்கும்வரை அதன் ஃபியூஸைக் கழற்றி வையுங்கள். ஹெட்லைட்டுக்குத் தனி வயரிங் என்பதால் வண்டி வழக்கம்போல ஓடும்.