எராஸ்மஸும் லூதரும் ஒரே அட்டைக்குள்

சுயசித்தம், அதாவது மனிதன் தானே நன்மையைத் தேர முடியுமா என்பது பற்றி டச்சு அறிஞர் எராஸ்மஸ் எழுதிய 1524 நூலையும், ஜெர்மன் சமயச் சீர்திருத்தவாதி லூதரின் 1525 மறுப்பையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தந்த 1969 வெஸ்ட்மின்ஸ்டர் பதிப்பு. லூதரை மட்டும் படித்தால் எதிராளி அசடாகத் தெரிவார். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. எராஸ்மஸின் உவமையில், நடக்கத் தெரியாத குழந்தைக்குத் தகப்பன் ஆப்பிளைக் காட்டி, விழும்போது தாங்கி, கடைசியில் கையிலும் கொடுக்கிறார்: தகப்பன் கடவுள், குழந்தை மனிதன்; அந்தத் தத்தலுக்கும், மனித முயற்சிக்கும், எராஸ்மஸ் சிறு இடம் விடுகிறார். லூதருக்கோ மனித சித்தம் சுமைமிருகம். ஏறுவது கடவுளா சாத்தானா என்பது அதன் கையில் இல்லை.

அட்டை முதல் அட்டை வரை நேராக வாசிக்காதீர்கள். பைபிளின் சீராக் 15, பார்வோனின் கடின இருதயம் என எராஸ்மஸ் வசனம் வசனமாகப் போக, லூதர் பெரும்பாலும் அதே வரிசையில் பதிலடி தருகிறார். மாற்றி மாற்றிப் படித்தால்தான் பிடிபடும்; ரோமர் 9 பக்கத்தில் திறந்திருக்கட்டும். லூதரின் வசைக்குப் பொறுமை வேண்டும். எராஸ்மஸின் 1526 பதில் இதில் இல்லாததுதான் குறை.