மொய்க்கு எழுதுவது போல 101 எச்பி: டைனோ ஷீட்டை நம்பி ஏமாந்தேன்

காரை ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி வலுவைக் கூட்டுவது), டைனோவில் (சக்கரத்தை உருளை மேல் ஓட்டி வலுவை அளக்கும் மெஷின்) ஏற்றிப் பார்க்க நினைக்கும் மதுரைக்காரர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயர் வேண்டாம். ஊருக்கு வெளியே, நான்கு வழிச்சாலைப் பக்கம்.

என்னுடையது பழைய ஸ்விஃப்ட் டீசல், 1.3 லிட்டர். கம்பெனி கணக்கில் 75 எச்பி. ரீமேப்பும் டைனோவும் சேர்த்து 28,000 ரூபாய் பேசினோம். மே மாத மதியம், மதுரை வெயில் தெரியும்தானே. வண்டியை உருளை மேல் ஏற்றி, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டி முதல் ரன் எடுத்தார்கள். பானெட் மூடியபடி. முன்னால் நின்ற பெரிய ஃபேனைப் போடவில்லை. கேட்டதற்கு, "இது சும்மா செக்கிங் ரன் சார்" என்றார்கள். 63 வந்தது. ரீமேப் முடிந்து சாயங்காலம் அடுத்த ரன். இப்போது பானெட் திறந்திருந்தது, ஃபேன் ஆடிக்காற்று போல அடித்தது. 101! கலர் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் வேறு போட்டுக் கொடுத்தார்கள். அன்றைக்கு ராத்திரி எல்லாருக்கும் பரோட்டா என் செலவு.

பரோட்டா கடையில்தான் குட்டு உடைந்தது. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் மச்சான் ஷீட்டை வாங்கிப் பார்த்தான். "என்ன மாப்ள, மொய் எழுதின மாதிரி நூத்தியொண்ணு?" என்று சிரித்துவிட்டு, போனை எடுத்துக் கணக்குப் போட்டான். நியூட்டன் மீட்டரில் இருக்கும் டார்க்கை, அதாவது இன்ஜின் சுழற்றும் விசையை, ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது) பெருக்கி 7024-ஆல் வகுத்தால் எச்பி வர வேண்டும். எந்த டைனோவிலும் இது மாறாது. என் ஷீட்டில் 4000 ஆர்பிஎம்மில் டார்க் 137. கணக்குப்படி 78 எச்பிதான். அதே இடத்தில் பவர் கோடு 101-ஐத் தொடுகிறது.

மீதி 23 எப்படி முளைத்தது? உருளை அளப்பது சக்கரத்துக்கு வந்து சேரும் வலுவை. கியர்பாக்ஸிலும் டயரிலும் போனது போக மிச்சம். அதனால் 75 எச்பி வண்டி அங்கே 63 காட்டுவதில் தப்பே இல்லை. இன்ஜின் கணக்கு வேண்டுமென்றால் சாஃப்ட்வேரில் 'லாஸ்' சதவீதம் என்று ஒன்றைக் கையால் போடலாம். முதல் ரன்னுக்குப் பூஜ்யம், இரண்டாவதுக்கு 30 போட்டிருக்கிறார்கள். ஷீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. 78-ஐ 1.3-ஆல் பெருக்கிப் பாருங்கள். டார்க்கையும் ஏற்றிக் காட்ட மறந்துவிட்டார்கள் போல.

உண்மையில் கூடியது 15. அதிலும் ரீமேப்பால் வந்தது எவ்வளவு, ஃபேனால் வந்தது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. இன்ஜினுக்குள் போகும் காற்று சூடானால் வலு குறையும். போகிறவர்கள் இரண்டு ரன்னும் ஒரே கியரில், ஒரே டயர் காற்றில், ஃபேன் ஓட, ஒரே லாஸ் சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வெப்பநிலைக்கான திருத்தக் கணக்கும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். சக்கர எச்பியைத் தனியாக எழுதி வாங்குங்கள்.

மறுநாள் கடைக்குப் போனேன். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார் போடுவாங்க" என்றார் டியூனர். ரன் ஃபைலைக் கேட்டால் சிஸ்டம் ஃபார்மட் ஆகிவிட்டதாம், ஒரே ராத்திரியில். பணம் திரும்ப வராது, வேண்டுமானால் இலவசமாக இன்னொரு ரன் எடுத்துத் தருகிறேன் என்றார். சரி, அதற்கு எத்தனை சதவீதம் போடுவீர்கள் என்று கேட்டேன். போன் வந்தது போல எழுந்து வெளியே போய்விட்டார்.