வீட்லயே ஸ்கூல் நடத்துறோம், எப்படி இருக்கு?

காட்பாடில இருந்து எழுதுறேன். பொண்ணு ஆறாவது, பையன் மூணாவது, ரெண்டு பேருக்கும் ஒரு தனியார் கிறிஸ்தவ ஸ்கூலோட ஹோம்ஸ்கூல் புரோகிராம்தான். பாடம் எல்லாம் சின்ன சின்ன ஒர்க்புக்கா வரும், பசங்களே படிச்சு எழுதி விடைய பாத்து திருத்திக்கணும், டெஸ்ட்ல 80 வந்தாத்தான் அடுத்த புக்கு, இல்லன்னா அதையே திரும்ப போடணும். இங்கிலீஷும் கணக்கும் நெஜமாவே சூப்பர். தினமும் வசன மனப்பாடம் இருக்கு, எங்க வீட்ல அது சந்தோஷம்.

கடுப்பு என்னன்னா சோசியல்தான். அமெரிக்காவோட 50 ஸ்டேட்டும் தலைநகரத்தோட ஒப்பிக்கிறா பொண்ணு, 1806ல நம்ம வேலூர் கோட்டைல சிப்பாய்ங்க வெள்ளைக்காரங்கள எதிர்த்து கிளம்புனத பத்தி ஒரு வரி கெடையாது, நாங்களே கூட்டிட்டுப் போய் காமிச்சு சொல்லிக் குடுத்தோம். பையன் டைம் (dime), குவார்ட்டர்னு அமெரிக்கா காசு எண்றான், வத்தல் காயப்போட்டுட்டு வந்த எங்க மாமியார் "இது எந்த ஊரு காசுடா"ங்கறாங்க. தமிழ் சுத்தமா இல்ல, தனியா டியூஷன்.

பார்சல் லேட்டு, போன் பண்ணா எடுக்கறதில்ல. சர்டிபிகேட் பத்தி கேட்டா மழுப்புறாங்க, அதனால 14 வயசானதும் என்ஐஓஎஸ்ல (மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி) பத்தாவது எழுத வைக்கப் போறோம், நீங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடியே இத கேட்டுக்கோங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடுன்னா வேணாம்ங்க, மதியம் வரைக்கும் யாராவது கூடவே உக்காந்தாத்தான் ஓடும்.