ஊர் முழுக்க ரோந்தா, குறித்த இடங்களில் ரோந்தா?

ரோந்து வண்டியைப் பகுதி முழுக்கச் சுற்றவிடும் முறையை 1972-73இல் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் சோதித்தார்கள். 15 ரோந்துப் பகுதிகளில் ஐந்தில் அழைத்தால் மட்டுமே வண்டி வந்தது, ஐந்தில் வண்டிகள் இரண்டு மூன்று மடங்கு, மீதியில் வழக்கம்போல. ஓராண்டு கழித்தும் குற்றத்திலோ மக்களின் பயத்திலோ சொல்லும்படியான வேறுபாடு இல்லை. போலீசே தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சோதனைக்கு உள்ளானது வழக்கமான வண்டி ரோந்து மட்டும்தான்.

குற்றம் குவியும் குறித்த இடங்களில் மட்டும் ரோந்து போவது வேறு கணக்கு. அமெரிக்காவின் இன்னொரு நகரமான மினியாபொலிஸில் போலீசுக்கு வந்த அழைப்புகளில் பாதி, ஏறத்தாழ 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்தன. 1988-89இல் அங்கே 110 இடங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதியில் ரோந்தைக் கூட்டியதும் அழைப்புகள் மிதமாகக் குறைந்தன. ஓரிடத்தில் 10 முதல் 15 நிமிடம் நின்றால் போதும். அதற்கு மேல் நிற்பதில் கூடுதல் பலன் குறைகிறது. திரும்பி வரும் நேரத்தை யாரும் கணிக்க முடியாதபடி மாற்ற வேண்டும்.

என் தேர்வு இரண்டாவதுதான். ஆனால் இது கெடுவது பெரும்பாலும் வரைபடத்தில். சம்பவம் நடந்த தெருவுக்குப் பதில் புகார் பதிவான காவல் நிலையத்தின் முகவரி ஏறிவிடும். பிறகு ரோந்து தவறான தெருவில் நிற்கும். இடத்தை ஒரு வட்டாரமாக விரிக்காமல் ஒரு தெருத்துண்டாகக் குறியுங்கள். வண்டி உண்மையில் அங்கே நின்றதா என்பதை ஜிபிஎஸ் பதிவில் பாருங்கள். குற்றம் பக்கத்துத் தெருக்களுக்கு நகர்ந்துவிட்டதா என்பதையும் அளக்க வேண்டும். வருவோர் போவோரையெல்லாம் நிறுத்திச் சோதித்தால், புகார் சொல்ல வேண்டியவர்களே ஒதுங்கிவிடுவார்கள்.