தலைப்பிரசவம்: தாய்வீடா, இருக்கும் ஊரா?

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்துப் பெண்ணை அழைத்துப் போனால் 36 வாரம் நெருங்கியிருக்கும். புது மருத்துவமனைக்கு அது தாமதம். தாய்வீடுதான் என்று முடிவானால் 32 வாரத்தை ஒட்டியே அங்கே ஒருமுறை காட்டிப் பெயர் பதிந்துவிட வேண்டும். பேறுகால விடுப்பு 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன் எடுக்க முடிவது 8 வாரம்தான். அந்தக் கணக்கும் 32-ல்தான் வந்து நிற்கிறது. ரயிலில் கர்ப்பிணிகளுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு.

இருக்கும் ஊரின் பலம், ஆரம்பத்திலிருந்து பார்த்த டாக்டர். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, இரட்டைக் குழந்தை, சர்க்கரைக்கு இன்சுலின், ஏறிய ரத்த அழுத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் ஊர் மாற வேண்டாம் என்பதே எங்கள் கட்சி. குறை, பிரசவத்துக்குப் பின்தான் தெரியும். நாளுக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்கும் பெண்ணுக்குச் சோறு போட ஆள் வேண்டும். அம்மா வந்து தங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தாய்வீட்டில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மயக்க டாக்டரும் ரத்தமும் இரவிலும் கிடைக்கும் இடம் எவ்வளவு தூரம்? அரசு மருத்துவமனை என்றால் பக்கத்துச் சீமாங் மையம் (இரவு பகலாக அவசரப் பிரசவ சிகிச்சை தரும் அரசு மையம்) எது என்று கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகப்பிரசவம் பார்ப்பார்கள். சிக்கலானால் அனுப்பிவிடுவார்கள், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேனை வைக்கும் பாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வேண்டாம், சீம்பால் போதும். 'தண்ணி குடிச்சா வயிறு போடும்' என்று தடுப்பதையும் கேட்க வேண்டாம். மலம் இறுகினால் தையல் போட்ட பெண்ணுக்கு நரக வேதனை.

ஊர் மாறுபவர்கள் தவறவிடும் காகிதம், முதல் மூன்று மாத ஸ்கேன். பிரசவத் தேதியை நம்பிக் குறிப்பது அதை வைத்துத்தான். கடைசி மாத ஸ்கேன் சொல்லும் தேதி மூன்று வாரம்கூடப் பிசகலாம். அதை நம்பினால் நாள் கடந்துவிட்டதென்று அவசரமாக வலி வரவைக்க மருந்து வைக்க நேரும். நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசி போட்ட தேதிச் சீட்டும் வேண்டும். பெங்களூரு, மும்பையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வருபவர்கள் வந்த வாரமே பிக்மி எண் (தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

மருத்துவமனை பக்கத்தில் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தபின் கிளம்பலாம். ஒரு மணி நேரப் பயணம் என்றால் பத்து நிமிட இடைவெளியிலேயே வண்டி ஏறுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் போனாலோ, அசைவு குறைந்தாலோ எந்த ஊரானாலும் வலிக்குக் காத்திருக்க வேண்டாம்.